நடந்து வந்த நட்சத்திரம்

பத்து மூங்கில் சிம்பு வேண்டும். ஐந்தைக் கொண்டு ஒரு நட்சத்திரம், மீதி ஐந்தைக் கொண்டு இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்கிக் கட்டவேண்டும். சிம்பும் சிம்பும் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் நாலு விரற்கடைக் குச்சியை இடையில் நிறுத்தினால், அதுவரை தட்டையாகக் கிடந்தது வயிற்றை உப்பிக்கொண்டு எழுந்து நிற்கும். பிறகு மைதாப் பசை, பட்டம் விடுகிற வண்ணத் தாள். பின்பக்கம் ஒரு முக்கோணத்தை மட்டும் ஒட்டாமல் விட்டுவிட வேண்டும். மெழுகுவர்த்தியை உள்ளே வைக்க அதுதான் வாசல்.

எழுபதுகளின் கடைசியில், சுரண்டையில், மார்கழிப் பனி இறங்குவதற்கு முன்பே எங்கள் விரல் இடுக்கில் பசை காய்ந்து உரியத் தொடங்கிவிடும். ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொராவியன் சபையாரின் பள்ளியில் 1830களில் கணக்குப் பாடத்துக்காகப் பிள்ளைகளைக் கொண்டு செய்யவைத்த காகித நட்சத்திரம்தான் பிறகு உலகமெல்லாம் பரவியது என்று வெகுகாலம் கழித்துப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தோன்றவில்லை. கோணம் என்றால் என்னவென்று நானும் அந்தச் சிம்புகளில்தான் கற்றேன்.

அந்த நட்சத்திரம் ஆலயத்தில் தொங்கவிடுவதற்கு அல்ல. நீளக் கம்பின் உச்சியில் கட்டி, பஜனைக்கு முன்னால் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு.

திருநெல்வேலிச் சீமையில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், கிறிஸ்துமஸ் மாதத்து இரவுகளில் வீடு வீடாகப் பாடிப் போவதைப் பஜனை என்றே சொல்வார்கள். கீத பவனி என்பது ஆலயத்துக்குள்ளே முறைப்படி நடப்பது. பஜனை தெருவில் நடப்பது. கஞ்சிரா, டோலக், ஜால்ரா, கழுத்தில் மாட்டிய ஆர்மோனியம். நடுவில் ஒருவர் தலையில் சும்மாடு வைத்துப் பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுமந்து வருவார். அதற்குக் காற்றடிக்கத் தெரிந்தவருக்கு அன்றைக்கு உபதேசியாரைவிட மதிப்பு அதிகம். மேண்டில் உதிர்ந்துபோனால் பாட்டு நின்றுவிடும், எல்லோரும் அந்த விளக்கைச் சுற்றிக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிடுவார்கள்.

பெட்ரோமாக்ஸுக்கு ஒரு சத்தம் உண்டு. ‘உஸ்’ஸென்று ஓயாத ஒரு மூச்சு. பாட்டு காதில் விழுவதற்கு முன்னால் அந்த மூச்சுதான் தெருவுக்குள் வரும்.

எங்கள் தெருவில் பாதி வீடுகள் வேதக்கோயிலுக்குப் போகிறவை அல்ல. ஆனாலும் பஜனை ஒரு வாசலையும் தாண்டிப் போனதில்லை. அடுத்த வீட்டு ஆச்சி டிசம்பர் பிறந்ததுமே என் அம்மாவிடம் கேட்பார்: “ஏளா, உங்க ஆளுக என்னைக்கு வாராக? வாசத்தெளிச்சு கோலம் போட்டு வைக்கணும்லா.” வந்தவர்களுக்குச் சுக்குக் காப்பி. தூக்கம் கலைந்த பிள்ளைகள் போர்வைக்குள்ளிருந்து நட்சத்திரத்தைப் பார்ப்பார்கள். ஒரு பாட்டு, ஒரு சிறிய ஜெபம், “வாறோம் ஆச்சி” என்று ஒரு சொல். அடுத்த வாசல். தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து வந்த தட்டு கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்குமாகத் திரும்பிப் போகும். வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது இரண்டு வீட்டுச் சட்டம்.

அன்றைய ஆலய வளாகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெள்ளையடித்த சுவர், வாசலில் இரண்டு வாழை, தென்னங்குருத்துத் தோரணம், உள்ளே குறுக்கும் நெடுக்கும் வண்ணத்தாள் சங்கிலி. அவ்வளவுதான். மாட்டுக்கொட்டில் கிடையாது, பொம்மை கிடையாது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. சுரண்டை, சி.எம்.எஸ். என்ற சர்ச் மிஷனரி சங்கம் 19ஆம் நூற்றாண்டில் வேலை செய்த பகுதி. அந்தக் காலத்து மிஷனரி ஒருவரின் பெயரைத் தாங்கிய பேரன்புரூக் பள்ளி இன்றும் ஊரில் நடக்கிறது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் முதல் இந்த மரபு முழுக்கச் சொல்லையும் பாட்டையும் பள்ளிக்கூடத்தையும் நம்பிய மரபு. சுரூபங்களை அது ஒதுக்கியே வைத்திருந்தது. குடில் என்பது கத்தோலிக்கர் வழக்கம் என்று பெரியவர்கள் கொஞ்சம் தள்ளியே பேசுவார்கள்.

ஆனால் குடில் பிறந்த கதையைப் பார்த்தால் அது ஊரார் நடுவிலேயே பிறந்தது தெரியும். 1223ஆம் வருடம் இத்தாலியில் கிரெச்சியோ என்ற மலைக்கிராமத்தில், அசிசியின் பிரான்சிஸ் வைக்கோலும் தீவனத் தொட்டியும் ஒரு மாடும் ஒரு கழுதையும் கொண்டுவரச் சொன்னார். பெத்லகேமின் ஏழ்மையைக் கண்ணால் காணவேண்டும் என்பது அவர் ஆசை. அன்றிரவு சனங்கள் கையில் பந்தம் பிடித்து அந்த இடத்துக்கு நடந்து வந்தார்கள். அங்கே வெளிச்சம் நின்றது, மக்கள் நடந்து வந்தார்கள். எங்கள் ஊரில் மக்கள் வாசலில் நின்றார்கள், வெளிச்சம் நடந்து வந்தது. இரண்டும் நல்ல வழிதான். எங்கள் ஊர் இந்த ஐம்பது வருடத்தில் இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தில் என்ன வந்தது, என்ன போனது என்பதை நான் ஒவ்வொரு டிசம்பரிலும் எண்ணிப் பார்க்கிறேன்.

மாற்றத்தைக் கொண்டுவந்தது மின்சாரம். பாபநாசத்தில் நீர்மின் உற்பத்தி 1944இல் தொடங்கியது. காமராசர் ஆட்சியில் கம்பிகள் கிராமங்களுக்குள் நீண்டன. ஆனால் வீட்டில் ஒரு குண்டு பல்பு எரிவது வேறு, ஆலயம் முழுக்க எரிவது வேறு. அது ரேடியோ செட்டுக்காரர் மூலம் வந்தது. கோயில் கொடைக்குச் சவுக்குக் கம்பு நட்டு, வளைவு கட்டி, மயிலும் தாமரையும் ஓடுகிற சீரியல் செட்டைப் போடுபவர் அவர்தான். அதே கைகள் பள்ளிவாசல் கந்தூரிக்கும் அதைப் போட்டன. ஒரு வருடம் ஆலயத்துக்கும் போட்டன. மயிலைக் கழற்றிவிட்டு நட்சத்திரத்தை மாட்டினார், அவ்வளவுதான். முதன்முதலாக அந்த வளைவு எரிந்த இரவு ஊரே வந்து ரோட்டில் நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நானும் வாயைத் திறந்துகொண்டுதான் நின்றேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிப்போகும் ஊர் இது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாலும் துளையுமாக அச்சடித்த நட்சத்திரங்கள் இந்தப் பக்கம் வந்தன. பிளாஸ்டிக் ஸ்டார் வந்தது, எல்.இ.டி. வந்தது. மூங்கில் பிளப்பது நின்றது. குடிலும் வந்தது, யாரும் அதைத் தடுக்கவில்லை. இன்று சி.எஸ்.ஐ. ஆலயமா கத்தோலிக்க ஆலயமா என்று குடிலை வைத்துச் சொல்லிவிட முடியாது.

குடிலின் பொம்மைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி என்ற ஊர். அங்குள்ள மண்பாண்டக் கலைஞர்கள் நவராத்திரிக் கொலுவுக்கும் விநாயகர் சதுர்த்திக்கும் பொம்மை செய்து முடித்த கையோடு, மரியாளையும் சூசையையும் மூன்று ஞானிகளையும் வார்க்க உட்காருகிறார்கள். கிருஷ்ணனுக்குக் கண் எழுதிய தூரிகைதான் குழந்தை இயேசுவுக்கும் கண் எழுதுகிறது. குடிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகள் நினைவுக்கு வரும். வளாகத்துக்குள் முதலில் நுழைந்த அக்கம்பக்கத்தார் அவர்கள்தான்.

இப்போதைய குடில்கள் பெரியவை. சாக்குத்துணியைச் சிமெண்டுப் பாலில் தோய்த்து மலை செய்கிறார்கள். தட்டில் கேழ்வரகு விதைத்துப் பத்து நாளில் பச்சை வயல் ஆக்குகிறார்கள். சின்ன மோட்டார் வைத்து அருவி விழவைக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பையன்கள் கட்டும் அருவியைப் பாருங்கள், அது பெத்லகேம் அருவி அல்ல. பாறையில் ஒருமுறை அடித்துப் பொங்கி விழும், அது குற்றாலம்தான். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்வதல்ல, மலை என்றால் அவர்களுக்கு அதுதான் மலை. வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையின் நாட்டைத் தமிழ் நிலமாகவே காட்டியவர். அந்தப் புலவரைப் படித்திராத பிள்ளைகள் சாக்குத்துணியில் அதையே செய்கிறார்கள்.

இந்தக் குடிலும் விளக்கும் செய்கிற ஒரு காரியத்தை நான் மனம் நிறைந்து ஒப்புக்கொள்கிறேன். வேதக்கோயில் வாசலைத் தாண்டாதவர்களை அது தாண்டவைத்திருக்கிறது. டிசம்பர் 20 தாண்டிவிட்டால் சாயங்காலம் பைக்கில் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி மடியில் ஒன்று என்று குடும்பங்கள் வருகின்றன. முக்காடிட்ட கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேராக வந்து நட்சத்திரத்துக்கு அடியில் செல்பி எடுக்கிறார்கள். சபரிமலைக்கு மாலை போட்ட சாமிகள் கறுப்பு வேட்டியோடு நின்று அருவியை ரசிக்கிறார்கள். 2021இல் நகராட்சியாகிவிட்ட ஊர் இது. தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்த காலம் போய்விட்டது. வாசல்தோறும் பஜனை போய்ச் சேர முடியாத இடங்களுக்கு இந்த வெளிச்சம் போய்ச் சேருகிறது.

ஆனாலும் எனக்கு உறுத்துகிற ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு வளாகத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பாட்டி தன் பேரனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். பையன் கேட்டான்: “பாட்டி, அந்தப் பாப்பாவ ஏன் மாட்டுக்குப் போடுற புல்லுல படுக்க வச்சிருக்காவ?” பாட்டிக்குத் தெரியவில்லை. சுற்றிலும் பார்த்தார். வாலிபர் சங்கத்துப் பையன்கள் எல்லோரும் அணைந்துபோன ஒரு வரிசை விளக்கைச் சரிசெய்ய ஏணியில் நின்றார்கள். பாட்டி, “அது அப்படித்தாம்யா” என்று பையனை இறக்கிவிட்டார். நான் ஓடிப்போய், சத்திரத்தில் இடம் கிடைக்காத ஒரு கர்ப்பிணியின் கதையைச் சொன்னேன். பையனைவிடப் பாட்டிதான் அதிகம் கேட்டார். “ஒத்த வீட்டுலயும் இடங்குடுக்கலியா?” என்று அவர் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

குடில் வைத்ததே அந்தக் கேள்விக்காக. இவ்வளவு பாடுபட்டு ஊரை வாசலுக்குக் கூட்டிவந்துவிட்டு, “வாங்கம்மா, உள்ள வாங்க” என்று சொல்ல ஓர் ஆள் நிற்கவில்லை என்றால் வேறெதற்கு அந்த வெளிச்சம்? பஜனையில் இது இயல்பாகவே நடந்துவிடும். பாடப் போனவரும் பாட்டுக் கேட்டவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தப்பிக்க முடியாது. மதம் மாற்றுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ஆச்சியின் வாசலில் எத்தனையோ வருடம் பாடினோம். ஆச்சி தன் முப்பிடாதி அம்மனுக்கே பொங்கல் வைத்தார். எங்கள் பாட்டு அவருக்கும் சொந்தம் என்பதில் இரண்டு பக்கத்துக்கும் சந்தேகம் வந்ததில்லை.

பஜனை அடியோடு நின்றுவிடவில்லை. டாடா ஏஸ் வண்டியில் சீரியல் விளக்கு, ஜெனரேட்டர், கீபோர்டு, மிட்டாய் வீசும் கிறிஸ்துமஸ் தாத்தா என்று உருமாறியிருக்கிறது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை விதிக்கும் மத்திய அரசின் விதிகள் 2000இல் வந்தன. நோயாளியும் கைக்குழந்தையும் தூங்கவேண்டிய நேரம் அது, விதி சரியானதுதான். ஆனால் பத்து மணிக்குள் முடிக்கவேண்டும் என்றதும் பட்டியல் போட்டார்கள். சபைக் குடும்பங்களின் பட்டியல். பட்டியலில் இல்லாத வாசல்களை வண்டி தாண்டிப் போகப் பழகிவிட்டது. விதி ஒலிபெருக்கிக்குத்தான், தொண்டைக்கு அல்ல. நடந்துபோய் மெல்லப் பாட யாரும் தடை போடவில்லை.

வாசல் தேடிப் போகும் பழக்கம் வேறு வடிவில் திரும்பிய வருடமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டித்தீர்த்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரை நெடுக வீடுகளுக்குள் வெள்ளம். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வருடம் விளக்குக்கு ஒதுக்கிய பணத்தை அரிசியாகவும் போர்வையாகவும் மாற்றி அனுப்பிய சபைகள் உண்டு. அந்த மூட்டைகளுக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு. ஆலயத்தில் விளக்கு பார்க்க வந்த கூட்டம் கலைந்தபிறகு, எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறேழு பேர் என்னிடம் வந்தார்கள். மச்சில் கிடந்த மூங்கில் சிம்புகளை எடுத்துக் கொடுத்து, முந்தின வாரம்தான் அவர்களுக்கு நட்சத்திரம் கட்டச் சொல்லிக்கொடுத்திருந்தேன். மெழுகுவர்த்திக்குப் பதிலாக ஒரு பையன் தன் செல்போனின் டார்ச்சை எரியவிட்டு அந்த முக்கோண வாசல் வழியாக உள்ளே வைத்தான். தாள் சிவப்பாக நிறைந்தது. “எங்கடே போகணும்?” என்றேன். “ஆச்சி வீட்டுக்கு” என்றார்கள். தொண்ணூறைத் தொடும் ஆச்சிக்கு நடை விட்டுப்போய் மூன்று வருடம். குடிலைப் பார்க்க அவரால் வரமுடியாது.

கட்டில் பக்கத்தில் நின்று மெதுவாகத்தான் பாடினார்கள். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் என் கையைப் பிடித்து, “எல்லாம் சரிதாம்யா. அந்த வெளக்குச் சத்தத்தத்தான் காணும்” என்றார்.

பிள்ளைகளுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். நட்சத்திரத்தைப் பிடித்திருந்த பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, கட்டிலுக்குக் குனிந்து, மூச்சை இழுத்துப் பல்லிடுக்கில் விட்டான்: “உஸ்ஸ்ஸ்ஸ்...”