மூளையின் இரசாயனமும் 1024 சமன்பாடுகளும்

எம். ஆர். ஐ. கருவி எடுத்த மூளைப் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அது பெரும்பாலும் நீரின் படந்தான். நீர் மூலக்கூறிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலிய காந்தப் புலத்தில் எழுப்பும் ரேடியோ அலைகளே அங்கே படமாகின்றன. செல்களுக்குள் நடைபெறும் வளர்சிதை மாற்றத்தை அது காட்டாது.

அதைக் காட்டக்கூடியவை வேறு மூலக்கூறுகள். நரம்புச் செல்களில் மிகுந்திருப்பது என்-அசிட்டைல் ஆஸ்பார்ட்டேட். செல்கள் பெருகும் இடத்தில் கோலின் சேர்மங்கள் கூடும். மூளைக் கட்டியில் பொதுவாக முன்னது குறையும், பின்னது மிகும். இவற்றிலும் ஹைட்ரஜன் உண்டு. ஆனால் சுற்றியுள்ள எலெக்ட்ரான்களால் அதன் அதிர்வெண் சற்றே மாறுபடும். 3 டெஸ்லா காந்தத்தில் நீரின் ஹைட்ரஜனுக்கு அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ 12 கோடியே 80 லட்சம். ஆஸ்பார்ட்டேட்டினுடையது அதைவிட 345 அளவே குறைவு! இந்த நூலிழை வேறுபாட்டைக் கொண்டே பொருளை இனங்காண்கிறோம்.

பொருள் தெரிந்தது, அது இருக்கும் இடம் எது? இங்கேதான் தொல்லை. மூளையின் ஓர் அடுக்கை 32 x 32 கட்டங்களாகப் பிரிப்போம். 1024 கட்டங்களின் அலைகளும் கலந்தே வந்து சேரும். x, y என இரண்டு அறியா எண்களைக் காண இரண்டு சமன்பாடுகள் வேண்டும் என்று இயற்கணிதத்தில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? 1024 கட்டங்களுக்கு 1024 சமன்பாடுகள்! பழைய முறையில் ஒரு ரேடியோத் துடிப்புக்கு ஒரு சமன்பாடுதான் கிடைக்கும். காந்தப் புலத்தின் சாய்வைச் சிறிது மாற்றிவிட்டு மீண்டும் ஒரு துடிப்பு. இடைவெளி 1.5 நொடி என்றால் 25 நிமிடங்களுக்கு மேலாகிவிடும். அதுவரை தலை அசையலாகாது. வலியால் தவிக்கும் நோயாளியால், அதுவும் ஒரு குழந்தையால், ஆகிற காரியமா?

1984-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக இயற்பியலாளர் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு ஒரு வழி சொன்னார். அலையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சாய்வை இப்படியும் அப்படியுமாகப் புரட்டிக்கொண்டே இருந்தால்? ஒரு வீச்சிலேயே 32 சமன்பாடுகள் கிடைத்துவிடும். அடுத்தடுத்த வீச்சுகள் அதே 32-ஐச் சற்று நேரம் கழித்துத் தரும். அந்தக் கால மாற்றத்திலிருந்து அதிர்வெண்ணைக் கணக்கிடலாம். ஆக 32 துடிப்புகளே போதும். 48 நொடி!

சொல்வது எளிது. சாய்வு நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் புரள வேண்டும். மின்சுருள்கள் அதிர்ந்து எழுப்பும் ஓசைக்குக் காதை அடைத்துக்கொண்டுதான் படுக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இப்பொருள்களின் செறிவு நீரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவு. அலையும் மிக மெல்லியது. நேரம் 32-இல் ஒரு பங்காகக் குறைந்தால், அலையோடு ஒப்பிட இரைச்சல் 5.7 மடங்காகிவிடும். ஆகவே மிச்சமான நேரத்தை அப்படியே விட்டுவிடுவதில்லை. மற்ற அடுக்குகளையும் சேர்த்து எடுக்கப் பயன்படுத்துகின்றனர். பழைய முறையில் 32 அடுக்குகளுக்கு 13 மணி நேரத்துக்கு மேலாகும். இன்று முழு மூளையின் இரசாயன வரைபடத்தையே ஏறத்தாழ 15 முதல் 25 நிமிடங்களில் எடுத்துவிடுகின்றனர்.