டிராக்டருக்குப் பெரிய டயர் மாட்டப் போகிறீர்களா?

டிராக்டரின் பின் டயர் தேய்ந்து புது ஜோடி வாங்கப் போகும்போது, "ஒரு சைஸ் பெரிதாகவே போட்டுவிடலாமே" என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. வண்டி உயரும், சேற்றில் அடிப்பகுதி தட்டாது, இழுவை கூடும் என்பது எதிர்பார்ப்பு. இதில் ஓரளவுதான் உண்மை. டயர் ஜோடி என்பது சிறிய செலவல்ல. தவறாகத் தேர்ந்தெடுத்தால் டீசல், கியர்பாக்ஸ், மண் வளம் என எல்லாவற்றிலும் நஷ்டம் தொடரும்.

எண்கள் சொல்வது என்ன?

டயரின் பக்கவாட்டில் 13.6-28 என்று இருந்தால், 13.6 என்பது டயரின் அகலம், 28 என்பது ரிம்மின் விட்டம். இரண்டும் அங்குலக் கணக்கு. 40 முதல் 50 குதிரைத் திறன் வரையுள்ள டிராக்டர்களில் 13.6-28, 14.9-28 ஆகிய இரண்டும் அதிகம் பயன்படுகின்றன. இரண்டுக்கும் ரிம் விட்டம் ஒன்றுதான். ஆனால் டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 2 அங்குலம் வேறுபடும். 16.9-28 இன்னும் பெரியது. அதற்கு அகலமான ரிம் தேவை. '28 பொருந்துகிறது' என்பதை மட்டும் பார்த்து வாங்கினால் டயரின் ஓரங்கள் ரிம்மில் சரியாக உட்காராது. மட்கார்டில் உரசும் வாய்ப்பும் உண்டு.

உயரம் கூடினால் என்ன ஆகும்?

டயரின் உயரம் 2 அங்குலம் கூடினாலும் அச்சு உயர்வது 1 அங்குலம் மட்டுமே. இதற்கு நீங்கள் கொடுக்கும் விலையைப் பாருங்கள். அதே கியரில் வண்டி சுமார் 4 சதவீதம் வேகமாக ஓடும், இழுவிசை அதே அளவு குறையும். டயரைப் பெரிதாக்குவதால் எஞ்சினின் திறன் கூடிவிடாது. ரொட்டவேட்டரைச் சுழற்றும் பிடிஓ தண்டின் வேகமும் மாறாது. வண்டி மட்டும் விரைவாக நகர்வதால் மண் பொடியாவது சற்றுக் குறையும்.

நான்கு சக்கர இயக்க டிராக்டர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இவற்றில் முன் சக்கரம், பின் சக்கரத்தைவிட 1 முதல் 5 சதவீதம் வரை கூடுதல் தூரம் ஓடும்படி கியர் அமைத்திருப்பார்கள். பின் டயரை மட்டும் பெரிதாக்கினால் இந்தக் கணக்கு குலைந்துவிடும். முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து, டயரும் கியரும் தேயும். மாற்றுவதானால் தயாரிப்பாளர் அனுமதித்த அளவில் நான்கு டயர்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.

முதலில் வழுக்கலை அளந்து பாருங்கள்

இழுவை போதவில்லை என்று தோன்றினால், அதை வயலிலேயே அளக்கலாம். பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில் சக்கரம் 10 சுற்றுச் சுற்றும் தூரத்தை அளவுநாடாவால் அளந்துகொள்ளுங்கள். பிறகு உழுதுகொண்டே 10 சுற்றுக்கு அளங்கள். முதல் அளவு 42 மீட்டர், இரண்டாவது 36 மீட்டர் என்றால், 6 மீட்டர் வழுக்கலில் போயிருக்கிறது. அதாவது சுமார் 14 சதவீதம். காய்ந்த நிலத்தில் 8 முதல் 15 சதவீதம் வரை வழுக்குவது சரியான அளவு. அதற்கு மேல் போனால் டீசலும் டயர் பட்டனும் வீணாகின்றன.

அப்போதும் உடனே டயரை மாற்ற வேண்டியதில்லை. முதலில் காற்றழுத்தத்தைப் பாருங்கள். வயல் வேலையில் பின் டயருக்கு 12 முதல் 14 பிஎஸ்ஐ வரை பொதுவாகப் போதும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. டிப்பர் இழுப்பதற்காக ஏற்றிய காற்றோடு வயலில் இறங்கினால், டயர் மண்ணில் முழுதாகப் படியாமல் வழுக்கும்.

அடுத்தது எடை. வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால், 13.6-28 டயர் ஒவ்வொன்றிலும் 150 கிலோவுக்கு மேல் எடை கூடும். கனமான உழவு முடிந்ததும் அதை இறக்கிவிடுங்கள். தேவையில்லாத எடை டீசலைக் குடிக்கும். அடிமண்ணையும் இறுக்கும். மேல்மண் இறுக்கம் டயரின் அழுத்தத்தைப் பொறுத்தது. ஆழத்தில் ஏற்படும் இறுக்கமோ அச்சின் மேல் உள்ள மொத்த எடையைப் பொறுத்தது. அதை அகலமான டயரால் மட்டும் சரிக்கட்ட முடியாது. ஈரமான களிமண்ணில் இது இன்னும் மோசம்.

நஞ்சைக்கு வேறு, புஞ்சைக்கு வேறு

செம்மண், கரிசல் போன்ற புஞ்சை நிலங்களுக்குச் சாதாரண உயரப் பட்டன் போதும். சேற்றுழவே முக்கிய வேலை என்றால் ஆழமான பட்டன் கொண்ட நெல்வயல் டயர்கள் இருக்கின்றன. ஆனால் அவை தார்ச்சாலையில் வேகமாகத் தேயும். வருடத்தில் சில நாட்கள் மட்டும் தொளி அடிப்பவருக்கு கேஜ் வீல் எனப்படும் இரும்புச் சக்கரமே சிக்கனம். வயலுக்கு வெளியே வந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் சாலை பாழாகும்.

வண்டியை உயர்த்துவதால் மட்டும் சேற்றில் புதைவது நிற்காது. நெல்வயலில் சேற்றுக்கு அடியில் இருக்கும் கெட்டியான அடுக்குதான் டிராக்டரைத் தாங்குகிறது. அந்த அடுக்கு உடைந்த இடத்தில் எந்த டயரும் இறங்கும்.

அப்படிச் சிக்கினால் பின் சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி முன்னோக்கி ஏற முயலாதீர்கள். சக்கரம் சுழல முடியாமல் நின்றால், எஞ்சினின் விசை வண்டியின் முன்பகுதியைத் தூக்கும். சுதாரித்து கிளட்ச்சை மிதிப்பதற்குள் ஓட்டுபவர் மேல் வண்டி கவிழ்ந்துவிடும். முதலில் பின்னோக்கி எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் இன்னொரு டிராக்டரால் தாழ்வான கொக்கியில் கட்டி இழுங்கள்.

உயரமான டயரால் வண்டியின் எடை மையமும் உயரும் என்பதால், வரப்பிலும் சரிவிலும் பக்கவாட்டில் சாயும் அபாயமும் கூடும். பெரும்பாலான டிராக்டர்களில் பின் சக்கரங்களின் இடைவெளியை மாற்றிக்கொள்ள முடியும். பயிர் வரிசை அனுமதிக்கும் வரை அகலமாக வைத்துக்கொள்வது நல்லது.

கடைக்குப் போகும் முன் வண்டியின் கையேட்டில் அனுமதித்த டயர் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் 4 இலக்க எண்ணைப் பக்கவாட்டில் பாருங்கள். 2024 என்றால் 2024ஆம் ஆண்டின் 20ஆவது வாரம் என்றே படிக்க வேண்டும் என்பதால், கடைசி இரண்டு இலக்கத்தையே ஆண்டாகக் கொள்ளுங்கள். மாட்டும்போது டயரில் உள்ள அம்புக்குறி, வண்டி முன்னே போகும் திசையில் சுழல்கிறதா என்று ஒருமுறை நின்று பாருங்கள்.