மணி அடித்ததும் ஒரு டம்ளர்

இன்று காலை முதல் இந்த நேரம் வரை எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தீர்கள்? சட்டென்று விடை வரவில்லையா? வருந்த வேண்டாம். வகுப்பில் ஆண்டுதோறும் வெப்பவியல் நடத்தும் எனக்கே ஒரு காலத்தில் விடை தெரியாமல்தான் இருந்தது.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நம் உடலும் அப்படிப்பட்ட ஒரு பானைதான். வியர்வைதான் அதன் கசிவு நீர்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் உண்டாகிறது. அதாவது, மணிக்கு 3,60,000 ஜூல். காற்று குளிர்ச்சியாக இருந்தால் இதில் பெரும்பகுதி தானாகவே வெளியேறிவிடும். ஆனால், காற்றின் வெப்பநிலை நம் தோலின் வெப்பநிலையை, அதாவது சுமார் 35 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். பிறகு ஆவியாதல் ஒன்றே கதி. தோலின் மீது ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வேண்டும். வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 150 கிராம்! ஓடியாடினால் இது பல மடங்காகும்.

“எனக்கு வியர்ப்பதே இல்லையே!” என்பீர்கள். வறண்ட காற்றில் வியர்வை சுரந்த உடனே ஆவியாகிவிடுவதால் அது கண்ணுக்குப் படுவதில்லை. கடற்கரை ஊர்களிலோ காற்றில் ஈரப்பதம் மிகுதி. அங்கே வியர்வை ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழும். சொட்டிய வியர்வையால் உடல் குளிர்வதில்லை. நீர் மட்டும் வீணாகிறது.

நீர் குறைந்தால் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி தாகத்தை எழுப்பி எச்சரிக்கும். ஆனால் பாடம் நடக்கும்போது அதை யார் கவனிக்கிறார்கள்? இரண்டு மிடறு குடித்ததும் தாகம் அடங்கிவிடும். இழந்த நீரோ முழுவதும் திரும்பியிராது.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஓர் ஏப்ரல் மாதம், செய்முறைத் தேர்வு நாள்களில் விலாவின் கீழே பொறுக்க முடியாத வலி. சிறுநீரகக் கல்! “பகலில் எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள்?” என்பதே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி. ஆய்வகத்தில் செறிவான மயில்துத்தக் கரைசலில் படிகம் வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். நீர் போதாமல் சிறுநீர் செறிவடையும்போது அதிலுள்ள கால்சியம் உப்புகளும் அவ்வாறே படிகமாகலாம். இதை அறிந்திருந்தும் நான் குடிக்கவில்லை. அறிவு வேறு, பழக்கம் வேறு!

“இனி நிறையக் குடிப்பேன்” என்று உறுதி எடுத்தேன். மூன்றாம் நாளே மறந்துபோயிற்று. பிறகுதான் ஒரு வழி தோன்றியது. கல்லூரி மணி அடித்ததும் ஒரு டம்ளர் என்று வைத்துக்கொண்டேன். மணியை நான் மறந்தாலும் மணி என்னை மறப்பதில்லை! கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் 2025-இல் இந்த ஏற்பாடு வந்தது.

எவ்வளவு குடிப்பது? 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, உணவில் உள்ள நீரையும் சேர்த்து, பெண்களுக்கு 2 லிட்டரும் ஆண்களுக்கு 2.5 லிட்டரும் வேண்டும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010-இல் கூறியது. அது மிதமான வெப்பநிலைக்கான அளவு. நம் கோடைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். அதற்காக ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிக்காதீர்கள். இரத்தத்தில் உள்ள சோடியம் நீர்த்துப்போய் ஆபத்தாகலாம். சிறிது சிறிதாகப் பலமுறை குடிப்பதே நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளிக் கழிப்பறைக்குப் போக அஞ்சியே பல மாணவிகள் பகல் முழுவதும் தண்ணீரைத் தொடுவதில்லை. அது அவர்கள் குற்றம் அன்று. தூய்மையான கழிப்பறை இல்லாமல் தண்ணீர் மணி அடித்து என்ன பயன்? உங்கள் பள்ளியில் அந்தக் குறை இருந்தால், நாலு பேராகச் சேர்ந்து தலைமையாசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

நாளையே ஒரு சோதனையைத் தொடங்குங்கள். எழுந்தவுடன், பள்ளிக்குக் கிளம்பும்போது, ஒவ்வோர் இடைவேளை மணிக்கும், உணவு வேளையில், வீடு திரும்பியதும் ஒவ்வொரு டம்ளர் குடியுங்கள். ஏழு நாள்களுக்கு ஒரு தாளில் குறித்து வாருங்கள். பக்கத்திலேயே சிறுநீரின் நிறத்தையும் எழுதுங்கள். அடர் மஞ்சள் என்றால் உடல் தண்ணீர் கேட்கிறது. வெளிர் மஞ்சள் என்றால் கணக்குச் சரி. இதைவிட எளிய அளவுகோல் எந்த ஆய்வகத்தில் கிடைக்கும்?