சாலைப் பணியும் தலைக்கு மேல் மின்கம்பியும்

மூணாறிலிருந்து வட்டவடைக்குச் செல்லும் மலைப்பாதை மாட்டுப்பட்டி, குண்டளை அணைகளை ஒட்டி ஏறி, டாப் ஸ்டேஷனைக் கடந்து, பாம்பாடும் சோலை வழியே கோவிலூரை அடைகிறது. இவ்விரு அணைகளின் நீர், 1940 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் மின்நிலையத்துக்குப் பயன்படுகிறது. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் அதுவே. வட்டவடையில் விளையும் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் சந்தை சேர்வதற்குச் சாலை இன்றியமையாதது. ஆகவே அகலப்படுத்துவதும் செப்பனிடுவதும் இத்தகைய மலைப்பகுதிகளில் ஓயாத பணிகளாகும். மின்கம்பங்களுக்கும் சாலைக்கும் ஒரே குறுகிய சரிவில்தான் இடம் கிடைக்கிறது. இங்குதான் தொழிலாளியின் உயிருக்கு ஆபத்து தோன்றுகிறது.

1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், சாலையைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர் உயரத்திலும், 11,000 வோல்ட் போன்ற உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டர் உயரத்திலும் இருத்தல் வேண்டும் என வரையறுத்தன. பின்னர் மத்திய மின்சார ஆணையம் வகுத்த விதிமுறைகளும் இவ்வளவுகளையே மேற்கொண்டன. ஆனால் இந்த உயரம் நிலையானதன்று. பள்ளத்தாக்குப் பக்கம் தடுப்புச்சுவர் எழுப்பிச் சாலையை ஒரு மீட்டர் உயர்த்தினால், 6.1 மீட்டர் இடைவெளி 5.1 ஆகிவிடுகிறது. கம்பியை எவரும் தொடவில்லை. எனினும் விதி மீறப்பட்டுவிட்டது. ஜல்லி பரப்பித் தார் இடும் ஒவ்வொரு முறையும் இவ்விடைவெளி சிறிது சிறிதாகக் குறைகிறது. கம்பியும் வெயிலில் நீண்டு தொய்கிறது. பனிமூட்டமான காலையில் கண்ட உயரம் நண்பகலில் இராது. மேலும், மேட்டுப் பக்கச் சரிவில் மண் வெட்டுபவருக்கு, சாலையிலிருந்து எட்டாத கம்பி கடப்பாரையின் நுனிக்கு எட்டிவிடலாம்.

பெரும் அபாயம் தொட்டியை உயர்த்தி ஜல்லி கொட்டும் டிப்பர் லாரியினால் விளைகிறது. உயர்த்திய தொட்டி ஆறு மீட்டரையும் தாண்டக்கூடும். அதற்கு மேல் செல்பவை பெரும்பாலும் உறையற்ற அலுமினியக் கம்பிகள். கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. மிக நெருங்கினாலே மின்சாரம் பாயக்கூடும். ‘ரப்பர் டயர் காப்பாற்றும்’ என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. டயரில் கரித்தூளும் இரும்புக் கம்பியும் கலந்துள்ளன. ஈரச் சேறும் அதில் அப்பியிருக்கும். 11,000 வோல்ட்டுக்கு அது தடையாகாது. விந்தை என்னவெனில், அறைக்குள் இருக்கும் ஓட்டுநரைவிட, கீழே நின்று வண்டியில் கைவைத்து வழிகாட்டும் உதவியாளருக்கே ஆபத்து மிகுதி. ஓட்டுநரைச் சுற்றிலும் ஒரே மின்னழுத்தம் நிலவுகிறது. உதவியாளரின் உடலோ வண்டிக்கும் தரைக்கும் பாலமாகிறது.

எனவே வண்டி கம்பியில் பட்டுவிட்டால் ஓட்டுநர் உள்ளேயே இருக்க வேண்டும். தீப்பற்றினால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒருசேரத் தொடாமல், இரு கால்களையும் சேர்த்து வெளியே குதிக்க வேண்டும். பிறகு கால்களை அகற்றி நடத்தல் கூடாது. தரையிலும் மின்னழுத்தம் இடத்துக்கு இடம் வேறுபடுவதால், இரு பாதங்களுக்கு இடையே மின்சாரம் பாயும். பாதங்களைச் சேர்த்தே நகர்ந்து விலக வேண்டும். உதவ ஓடி வருவோரையும் தடுத்து நிறுத்த வேண்டும்.

அறுந்து விழுந்த கம்பியைப் பற்றியும் ஒரு சொல். உலர்ந்த தார்ச்சாலையிலோ பாறையிலோ விழுந்த கம்பியிலிருந்து தரைக்குப் பாயும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருக்கலாம்; அப்போது துணைமின் நிலையத்தின் பாதுகாப்புக் கருவி அதைப் பழுதென்று உணராது. கருவி ஒருமுறை துண்டித்தாலும் சில வழித்தடங்களில் மின்சாரம் தானாகவே திரும்ப இணைக்கப்படும். பொறி பறக்கவில்லை என்பதால் கம்பி செத்துவிட்டது என்று கருதலாகாது. மின்வாரியத்துக்கு 1912 என்ற எண்ணில் தெரிவித்து, அவர்கள் வரும்வரை ஆட்களை விலக்கி வைப்பதே செய்யத்தக்கது.

சட்டம் இவற்றை முன்னரே எண்ணிப் பார்த்திருக்கிறது. ஏற்கெனவே கம்பி உள்ள இடத்தில் சாலை மட்டத்தை உயர்த்த விரும்புவோரும் அவர்தம் ஒப்பந்தக்காரரும், மின் வழங்குவோருக்கும் மின் ஆய்வாளருக்கும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். விதி மீறப்படாது என ஆய்வாளர் சான்றளிக்கும் வரை பணி தொடங்கலாகாது. கம்பியின் கீழ் மண்ணையோ பொருள்களையோ விதித்த இடைவெளி குறையும்படி குவிப்பதும் தடுக்கப்பட்டுள்ளது. கம்பியை மாற்றியமைக்கும் செலவு பணியை மேற்கொள்பவரைச் சாரும். நடைமுறையில் தடங்கல் நேர்வது இங்கேதான் என்பது என் கருத்து. மதிப்பீட்டில் இச்செலவுக்கு இடமில்லாவிடின், பணி தொடங்கிய பின் அதற்குப் பணமும் இராது, பொறுமையும் இராது. சாலைத் திட்டம் வரையும் அதிகாரி, வழித்தடத்தை நடந்து பார்க்கும்போதே கம்பி கடக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டால் பாதித் தொல்லை நீங்கும். கம்பங்களின் இழுகம்பிகளையும் அவர் கவனிக்க வேண்டும். வடிகால் தோண்டும்போது அவற்றின் பிடிமானம் தளர்ந்து கம்பம் சாய்வதுண்டு.

கம்பியை நெருங்காமல் முடிக்க இயலாத பணிக்கு மின்தடை பெறுவதே வழி. ‘லைன் நிறுத்தியாயிற்று’ என்ற வாய்மொழி போதாது. மின்வாரிய ஊழியர் இணைப்பைத் துண்டித்து, மின்சாரம் இல்லை எனச் சோதித்து, கம்பிகளை நில இணைப்புச் செய்து, எழுத்து மூலம் அனுமதி தந்த பின்னரே தொழிலாளரை அனுப்ப வேண்டும். மற்ற நாட்களில், கம்பிக்கு இருபுறமும் சற்றுத் தள்ளி மரக்கழிகளால் உயரத் தடை வாயில் நட்டு, தொட்டியை இறக்கிய பின்னரே வண்டியை அதன் வழியே விடலாம். கம்பியை மட்டுமே கண்காணிக்க ஓர் ஆள் நிற்க வேண்டும். அவர் கையில் மண்வெட்டி கொடுத்தல் ஆகாது.

வட்டவடை மக்கள் தமிழும் மலையாளமும் அறிந்தவர்கள். இன்றைய சாலைப் பணிகளிலோ வடமாநிலத்தவரும் உடனுழைக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகை எந்த மொழியில் இருந்தாலும் சிலருக்கு அது வெறும் தகரமே. காலையில் வேலை தொடங்குமுன் மேற்பார்வையாளர் எல்லாரையும் கம்பிக்குச் சற்றுத் தொலைவில் நிறுத்தி, அண்ணாந்து பார்க்கச் செய்து, எந்த இடத்தில் தொட்டியைத் தூக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்று தரையில் சுண்ணாம்புக் கோடிட்டுக் காட்ட வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் போதும்.