பீடியை விடும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை

மனச்சிதைவு நோய்க்குப் பல வருடமாக மாத்திரை போடும் ஒருவர் பீடியை அடியோடு விட்டுவிடுகிறார். வீடே மகிழ்கிறது. பத்து நாளில் அவர் பகலெல்லாம் தூங்கி வழிகிறார், தலையணை எச்சிலில் நனைகிறது, எழுந்து நின்றால் தள்ளாடுகிறார். நோய் முற்றிவிட்டதோ என்று வீட்டார் கலங்குகிறார்கள். நோய் முற்றவில்லை. அதே மாத்திரைதான், ரத்தத்தில் மருந்து கூடிவிட்டது.

புகை செய்யும் வேலை

மனச்சிதைவுக்குத் தரப்படும் குளோசபின், ஓலன்சபின் ஆகிய இரண்டு மருந்துகளையும் சிதைப்பதில் கல்லீரலின் சிஒய்பி1ஏ2 என்ற நொதிக்குப் பெரும்பங்கு உண்டு. புகையிலை எரியும்போது கிளம்பும் சில வேதிப்பொருள்கள் இந்த நொதியை முடுக்கிவிடுகின்றன. அதனால் புகைப்பவருக்குக் கூடுதல் அளவு மருந்து தேவைப்படுகிறது. புகை நின்றால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் நொதி பழைய நிதானத்துக்குத் திரும்பிவிடும். குளோசபின் ரத்தத்தில் ஒன்றரை மடங்காகலாம், சிலருக்கு அதற்கும் மேல்.

நொதியை முடுக்குவது நிக்கோடின் அல்ல, புகைதான். நிக்கோடின் சூயிங்கமும் தோலில் ஒட்டும் பட்டையும் ஏக்கத்தைத் தணிக்கும். மருந்து ஏறுவதைத் தடுக்காது. ரிஸ்பெரிடோன், அரிபிபிரசோல் போன்ற மருந்துகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அசட்டை செய்யக்கூடாதவை

அதிகத் தூக்கம், மயக்கம், எச்சில் வடிதல், வலிப்பு. குளோசபின் எடுப்பவருக்கு மலச்சிக்கல்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். காபியிலுள்ள காஃபினையும் இதே நொதிதான் சிதைக்கிறது. வழக்கமான நாலு டம்ளரே இப்போது படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். அதையும் நோயின் கணக்கில் எழுதிவிடுவார்கள். காபியைக் குறைப்பது நல்லது.

வார்டைவிட்டு வந்தபின்

புகைக்க முடியாத மருத்துவமனை வார்டில் மருந்தின் அளவு சரியாக அமைந்திருக்கும். வீடு திரும்பியவர் மறுபடி பற்றவைத்தால் மருந்து குறைந்து, காதில் குரல்கள் திரும்பக்கூடும். உடனே, “ஒழுங்கா மாத்திரை போடலை” என்று அவரைத் திட்டுகிறோம். இது பெரும் அநியாயம்.

அப்படியானால் விட வேண்டாமா?

கட்டாயம் விட வேண்டும். மனச்சிதைவு உள்ளவர்களின் ஆயுளைக் குறைப்பதில் இதய நோய்க்கும் நுரையீரல் நோய்க்கும் பெரும்பங்கு உண்டு. புகையை விட்டால் மனநோய் மோசமாகும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. விட உதவும் மாத்திரைகளும் உண்டு. ஆனால் அவற்றில் ஒன்றான புப்ரோபியான் வலிப்பைத் தூண்டக்கூடியது, குளோசபின் எடுப்பவர் தானாக வாங்கிப் போடக்கூடாது.

எந்தத் தேதியில் விடப்போகிறார், நாளுக்கு எத்தனை பீடி என்பதை மனநல மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார், வசதியிருந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்ப்பார். நீங்களாகக் குறைக்காதீர்கள். இடையில் மறுபடி புகைக்கத் தொடங்கினால், வெட்கப்படாமல் அதையும் சொல்லிவிடுங்கள். அளவை மீண்டும் கூட்ட வேண்டியிருக்கலாம்.