துருவை மூடினால் போதுமா?

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் செல்லும் சாலையில் நீங்கள் பயணம் செய்திருக்கலாம். சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டதைக் கண்ணுக்கு முன்பே மூக்கு அறிவித்துவிடும். சாலையை ஒட்டி இரசாயன, சாய, மருந்துத் தொழிற்சாலைகள், கிழக்கே உப்பனாறு, அதற்கும் அப்பால் வங்கக்கடல். இப்பகுதிக் கிராம மக்களே 2004ஆம் ஆண்டில் எளிய வாளிக் கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினர்; அதில் பல நச்சு வேதிப்பொருள்கள் இருப்பது தெரியவந்தது. மனிதனின் நுரையீரல் படும் பாட்டைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே நாம் பார்க்கப்போவது இதே காற்றில் நிற்கும் இரும்பின் பாட்டை.

என் மாமனாரிடம் ஒரு பழைய அம்பாசடர் கார் இருக்கிறது. அந்த வண்டியின் உற்பத்தி 2014இல் நின்றுபோனது; ஆகவே அதை அவர் பிள்ளையைப்போல் பார்த்துக்கொள்கிறார். அதன் பம்பரிலும் முன்பக்கக் கிரில்லிலும் துரு புள்ளிபுள்ளியாகக் கிளம்பியது. “பௌதிகம் படித்தவர்தானே, சரிசெய்யுங்கள் மாப்பிள்ளை” என்றார். உப்புத்தாளால் தேய்த்தேன், கிணற்றுத் தண்ணீரால் கழுவினேன், காயவைத்து வெள்ளிநிறப் பெயிண்ட் அடித்தேன். தை மாதம் அடித்த பெயிண்ட் பங்குனியில் அம்மைக் கொப்புளம்போல் எழும்பிவிட்டது. நான் வகுப்பில் கற்பிக்கும் பாடத்தை நானே மறந்ததன் விளைவு அது.

துருப்பிடித்தல் என்பது இரும்பு காற்றோடு நேரே சேருவதன்று. அது ஒரு மின்கல வேலை. இதை நீங்களே கண்ணால் காணலாம். நன்கு தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டில் ஒரு பெரிய சொட்டு உப்புநீரை வையுங்கள். அந்நீரில் முன்பே சிறிது பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பினாப்தலீனும் கலந்திருக்க வேண்டும். (ஆசிரியர் உடனிருக்கும்போது கல்லூரி ஆய்வகத்தில் செய்க.) சிறிது நேரத்தில் சொட்டின் நடுவில் நீலமும் ஓரத்தில் இளஞ்சிவப்பும் தோன்றும். கேம்பிரிட்ஜில் அரிமானத்தை ஆராய்ந்த யூ. ஆர். எவன்ஸ் என்பவரின் பெயரால் வழங்கும் புகழ்பெற்ற சோதனை இது. சொட்டின் ஓரத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் கரைகிறது. அங்கே ஆக்சிஜன் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடு ஆகிறது. அது கேதோடு. ஆக்சிஜன் குறைந்த நடுப்பகுதியில் இரும்பு எலெக்ட்ரான்களை இழந்து கரைகிறது. அது ஆனோடு. இரண்டுக்கும் இடையே தகடே கம்பியாகவும் உப்புநீரே மின்பகுளியாகவும் பயன்படுகின்றன. காற்றுக் குறைந்த இடம்தான் அரிக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். திருகாணியின் அடியிலும் ரப்பர் பீடிங்கின் உள்ளேயும் பெயிண்டின் விளிம்புக்குக் கீழேயும் துரு ஏன் ஒளிந்து வளர்கிறது என்பது இப்போது விளங்கும்.

“மழையே இல்லாத மாதத்திலும் துருப்பிடிக்கிறதே, தண்ணீர் எங்கிருந்து வந்தது?” என்று கேட்கலாம். உப்புதான் அழைத்து வருகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் கசிவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே செயல் கடலோரத்துக் கார்மீது பெரும்பாலான இரவுகளில் நடக்கிறது. தொழிற்சாலைப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு சேர்ந்தால் கேடு இன்னும் பெருகும். அது ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது; அமிலம் இரும்பைக் கரைத்து இரும்பு சல்பேட்டு ஆகிறது; அது மேலும் ஆக்சிஜனேற்றமடையும்போது அமிலம் திரும்பக் கிடைத்துவிடுகிறது. வட்டிக்கு விட்ட பணம்போல, முதல் குறைவதே இல்லை.

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபம் கடற்கரையில் ஓர் அரிமானச் சோதனை நிலையம் வைத்திருப்பதும் இக்காரணம் பற்றியே. உலோகத் தகடுகளைச் சட்டங்களில் மாட்டிக் கடற்காற்றில் விட்டு, இழந்த எடையை அளக்கிறார்கள்.

இனி என் கொப்புளங்களுக்கு வருவோம். பெயிண்ட் படலம் நீராவியை ஓரளவு உள்ளே விடும். உப்பை வெளியே விடாது. அதாவது அது ஏறக்குறைய ஒரு சவ்வு. அடியில் உப்புத்துகள் சிக்கியிருந்தால் சவ்வூடு பரவல் மூலம் நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. படலம் உப்பி எழுகிறது. எங்கள் பக்கத்துக் கிணற்று நீர் வாயில் வைத்தாலே கரிக்கும். அதைக் கொண்டு கழுவிய நான் உப்பை நீக்கவில்லை, பூசியிருக்கிறேன்!

இரண்டாம் முறை முறையாகச் செய்தேன். முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தேன். ஒட்டினால் பெரும்பாலும் எஃகு. ஒட்டாவிட்டால் அலுமினியம், எவர்சில்வர் அல்லது முலாமிட்ட பிளாஸ்டிக். அலுமினியப் பட்டையில் எவர்சில்வர்த் திருகாணியைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் அங்கேயும் ஒரு மின்கலம் வேலை செய்கிறது என்று பொருள். இரண்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் வளையம் ஒன்றைப் போடுங்கள்.

பம்பரின் பளபளப்பு குரோமியத்தால் வருவது. அப்படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அடியில் அதைவிடத் தடித்த நிக்கல். இரண்டும் இரும்பைவிடக் கரையத் தயங்கும் உலோகங்கள். ஆகவே முலாமில் ஊசிமுனைத் துளை விழுந்தால், பரந்த முலாம் கேதோடாகவும் துளையடி இரும்பு ஆனோடாகவும் மாறி, அரிமானம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் குவிகிறது. துத்தநாகம் பூசிய தகட்டில் இதற்கு நேர்மாறு: துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். குரோமிய முலாமை வீட்டில் போட முயலாதீர்கள். அதற்கான குரோமிக் அமிலத் தொட்டி கொடிய நஞ்சு. உரிந்த முலாமின் விளிம்பும் பிளேடுபோல் வெட்டும். கையுறை கட்டாயம்.

சோப்பு நீர் போட்டு, சேமித்த மழைநீரால் பலமுறை கழுவினேன். கம்பித் தூரிகையால் உதிரும் துருவை எடுத்தபின், முரட்டு வாட்டர் பேப்பரில் தொடங்கி நைசானதுவரை தண்ணீர் தொட்டே தேய்த்தேன். உலரத் தேய்த்தால் தூள் பறக்கும். பழைய கார் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஈயக் கட்டுப்பாடு வீட்டுப் பெயிண்டுகளுக்கு மட்டுமே. குழந்தைகளை அருகில் விடாதீர்கள், முகக்கவசம் அணியுங்கள், கழிந்த சேற்றைத் துணியில் வாரிக் கட்டுங்கள்.

சிலர் கழிவறை ஆசிட்டை ஊற்றுவார்கள். துரு நொடியில் போகும், உண்மைதான். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். விட்டுச்செல்வது குளோரைடு, அதாவது நம் பழைய பகைவன். பித்தளைக்குப் புளி போடுவதுபோல் இதற்கும் போடலாமே என்றார் மாமியார். லேசான துருவுக்குப் பயன்படும். பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். குழிகளில் எஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி கடையில் கிடைக்கிறது. அது இரும்பின்மேல் பாஸ்பேட்டுப் படலத்தை உண்டாக்கும். 1,600 ஆண்டுகளாக நிற்கும் தில்லி இரும்புத் தூணைக் காப்பதும், அதன் இரும்பிலுள்ள பாஸ்பரஸால் விளைந்த அத்தகைய ஒரு படலமே.

காய்ந்ததும் அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். கடலூர்க் காற்றில் வெறும் இரும்பை ஓரிரவு விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். ‘ரெட் ஆக்சைடு’ பிரைமரின் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். துருவின் உறவினனைக் கொண்டே துருவைத் தடுக்கிறோம்! எனினும் கடலோரத்தில் நான் ஜிங்க் பாஸ்பேட் பிரைமரையே விரும்புவேன். நேரமும் முக்கியம். உலோகத்தின் வெப்பநிலை பனிநிலையைவிட 3 டிகிரி செல்சியஸாவது மேலே இருக்க வேண்டும். இல்லையேல் கண்ணுக்குத் தெரியாத பனிமேல் பெயிண்ட் அடிப்பீர்கள். காலை பத்து மணிக்குமேல் நிழலில் தொடங்கி, மூன்று மணிக்குள் முடியுங்கள். ஒரு தடித்த பூச்சைவிட, இடைவெளி விட்ட மூன்று மெல்லிய பூச்சுகள் மேல். தின்னர் ஆவி தீப்பற்றும். அடுப்பு, பீடி எதுவும் அருகில் கூடாது.

வெள்ளிப் பெயிண்ட் குரோமியம்போல் மின்னவில்லை என்று மாமனாருக்குக் குறை. முலாம் ஒரே கண்ணாடிப் பரப்பு. பெயிண்டிலோ அலுமினியச் செதில்கள் பல திசைகளில் ஒளியைச் சிதறடிக்கின்றன. முகம் தெரியாது. இரண்டு மழைக்காலம் கடந்தும் கொப்புளம் இல்லை.

ஒன்று மட்டும். பட்டையைக் கழற்றும்போது ஸ்குரூடிரைவரால் அதன் பின்னுள்ள தகட்டையும், கதவின் அடிப்பகுதியையும், ஜாக்கி தாங்கும் இடத்தையும் அழுத்திப் பாருங்கள். எனக்கு ஓரிடத்தில் முனை உள்ளே இறங்கிவிட்டது. அங்கே பட்டியும் பெயிண்டும் பயனில்லை. வண்டியை வெல்டிங் பட்டறைக்குத்தான் ஓட்டிச் சென்றோம்.