அம்புக் கூரையும் அடைத்த கதவும்

காண்டவ வனம் எரிந்த கதை தமிழர்க்குப் புதிதன்று. வில்லிபுத்தூரார் தம் பாரதத்தில் அதற்கெனத் தனிச் சருக்கமே வகுத்திருக்கிறார். யமுனைக் கரையில், இன்றைய தில்லிப் பகுதியில் இருந்ததாகக் கருதப்படும் இந்திரப்பிரத்தம் என்ற ஊரின் அருகே, தீக்கடவுளின் பசிக்கு ஒரு பெருங்காடு இரையாகிறது. அங்கே தன் நண்பன் தக்ககன் குடியிருந்தமையால் இந்திரன் மழையைக் கொட்டுகிறான். அருச்சுனனோ அம்புகளாலேயே காட்டுக்கு மேல் கூரை வேய்ந்து, ஒரு துளியும் கீழே விழாமல் தடுக்கிறான். தீயணைப்போர் கண்கொண்டு படித்தால், தில்லி மண்ணைப் பற்றிச் சொல்லப்படும் முதல் தீயணைப்பு முயற்சி இதுதான். அது தோற்றது. நீருக்குப் பஞ்சமில்லை, நீருக்கும் நெருப்புக்கும் நடுவே ஒரு தடை நின்றது. அந்தத் தடை தில்லியில் இன்றுவரை வேறு வேறு உருவம் எடுத்து வருகிறது.

நீர் நெருப்பை வெல்வது ஈரத்தால் அன்று, வெப்பத்தை விழுங்கும் ஆற்றலால். 20 பாகைச் சூட்டிலுள்ள ஒரு கிலோ நீரைக் கொதிநிலைக்கு ஏற்ற ஏறத்தாழ 335 கிலோசூல் வெப்பம் போதும். கொதித்த நீரை ஆவியாக்கவோ ஏறத்தாழ 2,257 கிலோசூல் வேண்டும். அந்த வெப்பம் முழுவதையும் நெருப்பிடமிருந்தே நீர் பறித்துக்கொள்கிறது. ஆவியானதும் 1,600 மடங்குக்கு மேல் விரிந்து, எரிபொருளைச் சூழ்ந்த காற்றையும் தள்ளி விலக்குகிறது. ஆனால் இவ்வளவும் நடக்க, நீர் எரியும் பரப்பைத் தொட்டாக வேண்டும். வெளிச்சுவரில் அடித்து வழிந்தோடும் நீர், எத்தனை ஆயிரம் லிட்டரானாலும், தெருவைக் கழுவியதோடு சரி.

இதற்கு மிகக் கொடிய சான்று 1944 ஏப்ரல் 14 அன்று மும்பை விக்டோரியா துறையில் கிடைத்தது. 'போர்ட் சுடிக்கின்' என்ற கப்பலின் அடிவயிற்றில் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் இருந்தன. தீ மூண்டபோது 900 டன்னுக்கு மேல் நீரைக் கப்பலுக்குள் இறைத்தார்கள். அடர்ந்த புகையில் தீ எங்கே குடிகொண்டது என்பது புலப்படவில்லை. ஊற்றிய நீர் கப்பலுக்குள்ளேயே கொதித்தது. பிறகு கப்பல் வெடித்தது. உயிர்நீத்த தீயணைப்பு வீரர் 66 பேர். நாடெங்கும், தில்லி நிலையங்களிலும், ஏப்ரல் 14 அவர்களின் நினைவு நாள்.

பழையவர்கள் இந்தத் தடையை நன்கு உணர்ந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கௌடிலியரின் பொருள்நூல், நகரக் காவலனின் கடமைகளைச் சொல்லுமிடத்தில், வேனிற்காலத்து நண்பகலை ஒட்டி அடுப்பு மூட்டுவதைத் தடுக்கிறது. வீடுதோறும் நீர்க்குடங்கள், ஏணி, கோடரி, முறம், கொக்கி, தோற்பை இருக்க வேண்டும் என்கிறது. தெருக்களிலும் நாற்சந்திகளிலும் நீர்க்குடங்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்க வேண்டும். தீப்பற்றிய இடத்துக்கு ஓடிவராத வீட்டுக்காரனுக்கு 12 பணம் தண்டம். வாடகைக்குக் குடியிருப்பவனுக்கு 6 பணம். தண்டக் கணக்கைவிட அந்தக் கருவிப் பட்டியலே என்னை ஈர்க்கிறது. நீரைக் கொள்பவை குடமும் தோற்பையும் மட்டுமே. ஏணியும் கோடரியும் கொக்கியும் நெருப்பை அணுகவும், பற்றவிருக்கும் கூரையை இழுத்துப் போடவும் ஆனவை. முறம் புகையை விசிறி விலக்கவும் உதவியிருக்கலாம்.

அந்தத் தோற்பை பல நூற்றாண்டு கடந்தும் தில்லியை விட்டு அகலவில்லை. ஷாஜகான் எழுப்பிய நகரில் பிஸ்திகள் என்னும் தண்ணீர்க்காரர்கள், முழு ஆட்டுத்தோலில் தைத்த மசக் என்னும் பையை முதுகில் சுமந்து தெருத் தெருவாகச் சென்றார்கள். அதே பதினேழாம் நூற்றாண்டில், ஆம்சுட்டர்டாம் நகரில் யான் வான் தெர் எய்தன் என்ற ஓவியர் தோலால் நீண்ட குழாய் தைத்தார். அதற்கு முன் அங்கே தீயணைப்புப் பொறி தெருவில் நின்றபடியே நீரைத் தொலைவிலிருந்து பீய்ச்சியது. வளையும் குழாய் வந்த பிறகுதான் மனிதன் நீரைக் கையில் பிடித்துப் படியேறி, எரியும் அறைக்குள் நுழைய முடிந்தது. நகர வீதிகளை மிக நுணுக்கமாக வரைந்த ஓவியருக்கு அவை எப்படி எரியும் என்பதும் தெரிந்திருந்தது போலும்.

நீர் உள்ளே போக வழி வேண்டும் என்பது பாதி உண்மை. மறுபாதி, மனிதர் வெளியே வர வழி வேண்டும் என்பது. அதைத் தில்லி 1997 சூன் 13 அன்று கற்றது. கிரீன் பார்க் பகுதியிலுள்ள உப்கார் திரையரங்கில் அன்றுதான் வெளியான 'பார்டர்' என்ற போர்ப்படம் ஓடிக்கொண்டிருந்தது. தரைத்தள மின்மாற்றி ஒன்றில் காலையிலேயே ஒருமுறை தீப்பிடித்து, பழுது பார்த்திருந்தார்கள். மாலையில் மீண்டும் பற்றியது. கசிந்த எண்ணெய் எரிந்து, அருகே நிறுத்தியிருந்த கார்களுக்குத் தாவியது. தீ கீழேயே இருந்தது. மேலே போனது புகை. சூடேறிய வளி அடர்த்தி குறைந்து மேலெழும். அதற்கு மாடிப்படிக் கூண்டு ஒரு புகைபோக்கி. பால்கனியில் அமர்ந்தோர் எழுந்து ஓடினர். கூடுதல் இருக்கைகள் போடுவதற்காக வலப்புற நடைவழி மூடப்பட்டிருந்தது. அப்பக்கத்து வெளிவாயிலை எண்மர் அமரும் தனி இருக்கைப் பெட்டி ஒன்று அடைத்திருந்தது. மாண்டவர் 59 பேர். அவர்களைக் கொன்றது தழலன்று, புகை. எரிபொருள் அரைகுறையாக எரியும்போது பிறக்கும் கார்பன் ஓராக்சைடு, குருதியின் சிவப்பணுவில் உயிர்வளியைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சு உள்ளே போகும். உயிர்வளி உடலுக்குள் சேராது.

சட்டம் இல்லாத ஊரில் இது நடந்ததாக எண்ண வேண்டா. 1983இல் இராசேந்திரா பிளேசில் கோபாலா கோபுரம் எரிந்த பிறகு, 1986இலேயே தில்லிக்கெனத் தீத்தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. 2007இல் அதைவிட விரிந்த சட்டமும் வந்தது. அதற்கும் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2019 திசம்பர் 8 விடியற்காலையில், அனாஜ் மண்டியின் சந்து ஒன்றில் பை தைக்கும் தொழிற்கூடம் எரிந்தது. வேலை செய்த இடத்திலேயே உறங்கியவர்களில் 43 பேர் மாண்டனர். வண்டி நுழைய முடியாத சந்து, கம்பியடித்த சன்னல்கள். தீயணைப்பு வீரர்கள் குழாயைத் தோளில் இழுத்துக்கொண்டு நடந்துபோய், கம்பியை அறுத்து உள்ளே இறங்கினார்கள். முதுகில் மாட்டும் மூச்சுக்கருவியின் காற்று ஏறத்தாழ அரைமணி நேரத்துக்கே வரும்; உழைப்பு மிகுந்தால் அதற்கும் குறைவு. அந்த நேரத்துக்குள் படி தேடி, உடலைத் தேடி, திரும்பும் வழியையும் தேட வேண்டும். அன்று ஒரு வீரர் மட்டுமே 11 பேரை வெளியே கொண்டுவந்தார்.

2022 மே 13 அன்று முண்ட்காவில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று எரிந்து 27 பேர் இறந்தனர். இறங்கி வர ஒரே படிக்கட்டு. தொலைவிலிருந்து இயக்கும் தீயணைப்பு எந்திரங்கள் தில்லிக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். மனிதன் நெருங்க முடியாத வெம்மைக்குள் அவை நீரைக் கொண்டுசெல்லும். ஆனால் அவற்றுக்கும் நுழையத் தெரு வேண்டும்.

தில்லித் தீயணைப்பினர்க்கு ஆண்டில் அழைப்பு மிகுந்த இரவு தீபாவளி. நூற்றுக்கணக்கில் அழைப்புகள் குவியும். விடுப்பு யார்க்கும் கிடையாது. அன்று மாலை வண்டிகள் எல்லாம் நிலையத்தில் நிற்பதில்லை. நெரிசல் மிகுந்த கடைத்தெருக்களை ஒட்டி ஆங்காங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். முதல் வெடி வெடிக்கும் முன்னரே, பாதி வழியைக் கடந்து முடித்துவிட்டு, வீரர்கள் சந்து முனையில் காத்திருக்கிறார்கள்.